நான் போகாத ஒழுங்கை

திருகோணமலைப் பாலையூற்றில் ஒரு ஒழுங்கை இருக்கிறது. நாலு வருடம் நான் அதற்குள் போகவே இல்லை. அந்தப் பக்கம் யாராவது காணி பார்க்கக் கூப்பிட்டால் பெரிய ரோட்டால் சுற்றி மற்றப் பக்கத்தால் வருவேன். மோட்டார் சைக்கிளில் கூட வருகிறவர்கள் ஏன் இப்படிச் சுற்றுகிறோம் என்று கேட்டால், அந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும் என்று சொல்லிவிடுவேன். மழை பெய்து மாதக்கணக்கான நாட்களிலும் அதையே சொல்லியிருக்கிறேன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் என்னிடம் வந்த ஒரு தம்பி. காணி புரோக்கர் வேலை பழக வேண்டும், ஆட்களை எப்படிப் பிடிப்பது, ஃபேஸ்புக்கில் எப்படிப் போடுவது, கொமிஷன் எவ்வளவு கேட்பது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நல்ல பிள்ளை, வீட்டில் கஷ்டம். நான் அந்த ஒழுங்கையின் கதையைத் தொடங்கினேன். பாதியிலேயே அவன் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். அவனில் பிழை இல்லை, அந்த வயதில் எனக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் சொல்லி முடிக்காதது தொண்டையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால் இங்கே முழுக்க எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேர்ச்

2009இல் சண்டை முடிந்தது. அந்த ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் திறந்தது. அதற்குப் பிறகு திருகோணமலையில் காணி விலை எப்படி ஓடியது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் ஹோட்டல் கட்டக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள், வெளிநாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து பழைய வளவைத் தேடினார்கள், காலையில் சொன்ன விலை பின்னேரம் இருக்காது. ஒரு போனும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தால் யாரும் புரோக்கர். நானும் அப்படித்தான் 2010இல் வந்தேன். எனக்கு யாரும் தொழில் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகியதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது.

2013இல் அந்த ஒழுங்கையில் ஒரு வளவின் பின்பக்கம் விலைக்கு வந்தது. தாய் சாகும்போது முன் துண்டு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போயிருந்தது, பின் துண்டு தம்பிக்காரனுக்கு. அவர் தன்னுடைய 12 பேர்ச்சையும் (பேர்ச் இங்கே காணி அளக்கும் அளவு) விற்றுவிட்டு மட்டக்களப்பில் மனைவியின் ஊரோடு போகப் போவதாகச் சொன்னார். பின் துண்டுக்குப் போக வேண்டுமென்றால் அக்காவின் வளவின் ஓரத்தால்தான் போக வேண்டும். தாராளமான இடம், லொறி போய் வரும். பாதையைப் பற்றி நான் கேட்டேன். "அது அக்காட காணிதானே தம்பி, சின்ன வயசில இருந்து நாங்க அதாலதான் போய் வாறம். அவ ஒண்டும் சொல்ல மாட்டா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

வாங்க வந்தவர் ஒரு ரீச்சர். கணவருக்குத் துறைமுகப் பக்கம் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள், பன்னிரண்டு வருடமாக வாடகை வீடு. காணியைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "பாதை பிரச்சினை வராதே தம்பி?" ஒரு பிரச்சினையும் வராது ரீச்சர் என்றேன். பேர்ச் ஒன்றரை லட்சப்படி 18 லட்சம், எனக்கு மூன்று வீதம், 54,000 ரூபாய். மோட்டார் சைக்கிளின் லீசிங் இரண்டு மாதம் பின்னுக்கு நின்றது. அந்தக் காசில் அதைக் கட்டினேன்.

விற்றவருடைய பழைய பிளானில், அதாவது சர்வேயர் கீறிய காணி வரைபடத்தில், பாதை இல்லை. குடும்பத்துக்குள் இருந்தவருக்கு எதற்குப் பிளானில் பாதை? உறுதியும், அதாவது விற்பனைப் பத்திரமும், அந்தப் பிளானைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது. காணியை விவரிக்கும் அட்டவணையில் வழி உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லாததை, உறுதி எழுதிய நொத்தாரிசு வாசித்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். காதில் விழுந்தது. இன்னொரு தரம் பிளான் கீற வேண்டும், இரண்டு மூன்று கிழமை போகும், அதற்குள் விற்பவர் மனம் மாறினால் என்று கணக்குப் போட்டேன், பேசாமல் இருந்தேன். இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை உறுத்துவது அந்த மௌனம்.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்

இரண்டு வருடத்தில் அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. முன் வளவு மகளுக்குச் சீதனமாக எழுதப்பட்டது. மருமகன் மதில் கட்டினார். ஓரத்தில் நாலு அடி விட்டார். ஆள் போகலாம், சைக்கிள் போகும், அவ்வளவுதான். ரீச்சர் அத்திவாரம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. சல்லியும் மணலும் ஒழுங்கை முனையில் கொட்டி, அங்கிருந்து தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. வங்கியில் வீட்டுக் கடனுக்குப் போனபோது, வாகனம் போகும் பாதை பிளானில் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ரீச்சர் எனக்குப் போன் எடுத்தார். கோபமாகக்கூடக் கதைக்கவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "ரீச்சர், என்ர வேலை உறுதி எழுதினதோட முடிஞ்சுது. இனி நீங்களும் பக்கத்து ஆக்களும் கதைச்சுத்தான் முடிக்கோணும்." அவர் "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். பிறகு ஒரு தரமும் எடுக்கவில்லை.

சட்டப்படி பார்த்தால் நான் சொன்னதில் பிழை பிடிக்க முடியாது. ஆனால் அதே சட்டந்தான் என் பிழையையும் காட்டுகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்பது மட்டும் இல்லை, காணியின் மேல் இருக்கிற உரிமை எதையும் எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால்தான் கொடுக்க வேண்டும். தம்பிக்காரன் சொன்ன "அக்கா ஒண்டும் சொல்ல மாட்டா", நான் சொன்ன "ஒரு பிரச்சினையும் வராது", இரண்டுக்கும் அங்கே ஒரு சதப் பெறுமதி இல்லை. பத்து வருடம் நடந்தால் பாதை உரிமையாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அது மற்றவரின் உரிமையை ஏற்காமல் நடந்த நடைக்குத்தான். அக்கா விட்டதால் தம்பி நடந்தது எத்தனை வருடமானாலும் கணக்கில் வராது. வேறு வழி இல்லாத காணிக்குப் பக்கத்துக் காணியால் விடும் அவசிய வழி கேட்டு நீதிமன்றம் போகலாம், ஆனால் மாதச் சம்பளக்காரர் ஒருவர் எத்தனை தவணைக்குச் சட்டத்தரணிக்குக் காசு கட்டுவார்? இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தெரியாமல் இருந்ததைவிட, தெரிந்துகொள்ளாமலே ஒருவருடைய பன்னிரண்டு வருடச் சேமிப்பைக் கையாண்டேன் என்பதுதான் பெரிய பிழை.

அதற்குப் பிறகுதான் அந்த ஒழுங்கையைத் தவிர்க்கத் தொடங்கினேன். திருகோணமலை பெரிய ஊர் இல்லை. சந்தையில், கோணேசர் கோவில் திருவிழாவில், கடற்கரையில் யாரையும் எப்போதும் காணலாம். தூரத்தில் ரீச்சரைக் கண்டால் ஊருக்குள் திரிகிற மான்களைப் பார்க்கிற மாதிரி மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன்.

லிண்டல் மட்டம்

2019 தொடக்கத்தில் தங்கச்சி சுகமில்லாமல் இருந்ததால் அவளுடைய மகனின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நான் போனேன். வகுப்புக்குள் நுழைந்தபோது மேசையில் அந்த ரீச்சர் இருந்தார். திரும்பிப் போக வழியில்லை, எனக்குப் பின்னால் வரிசை. என் முறை வந்தது. அவனுடைய கொப்பியை விரித்து, எந்தக் கணக்கில் பிழை விடுகிறான், எதை வீட்டில் செய்ய வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். கால் மணித்தியாலம் இருக்கும். அந்தப் பிள்ளையில் அவர் வைத்திருந்த அக்கறையில் ஒரு குறையும் நான் காணவில்லை. அவன் யாருடைய மருமகன் என்று அவருக்கு முதலே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டு விலாசம் அவருடைய பதிவில் இருக்கிறதே.

எழும்பும்போது வாய் தானாகக் கேட்டுவிட்டது: "வீடு முடிஞ்சுதா ரீச்சர்?"

"இன்னும் லிண்டல் மட்டத்தில நிக்குது தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று பின்னேரம் நாலு வருடத்துக்குப் பிறகு ஒழுங்கைக்குள் போனேன். நாலு அடிப் பாதையால் நடந்து பின்னால் போய்ப் பார்த்தேன். சுவர்கள் கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் வரை வந்து, கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. உள்ளே ஆளுயரத்துக்கு ஆமணக்கு முளைத்திருந்தது. வரவேற்பறையாக வர வேண்டிய இடத்தில் யாருடையதோ ஆடு கட்டியிருந்தது. நான் விற்ற காணியில் நடந்ததை அன்றுதான் முதல் தரம் பார்த்தேன்.

எனக்கு ஒரு சொல்லு

முன் வீட்டுப் படலையைத் தட்டினேன். மதில் கட்டிய மருமகன் வந்தார். "நாங்க ஆற்ற பாதையையும் மறிக்கல்ல அண்ணா. உறுதியப் பாருங்க, பிளானப் பாருங்க" என்றார். அவர் சொன்னது சரி, எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு கடதாசியும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த கிழமை திரும்பவும் போனேன். மூன்றாம் தரம் போனபோது மருமகன் வேலைக்குப் போயிருந்தார், காணி விற்றவரின் அக்கா, அந்த அம்மா மட்டும் விறாந்தையில் இருந்து முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் படியில் இருந்துகொண்டேன். பாதையைப் பற்றி ஒன்றும் கதைக்காமல் என் பிழையை மட்டும் சொன்னேன், உறுதி வாசிக்கும்போது பேசாமல் இருந்ததையும் சேர்த்து. அவர் இலை ஆய்வதை நிறுத்தவில்லை. கனநேரத்துக்குப் பிறகு சொன்னார்:

"அண்டைக்கு சர்வேயர் வந்து கல்லு நட்டான். நான் கிணத்தடியில உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான். என்ர தம்பி காணி விக்கிறான் எண்டு அந்தக் கல்லுத்தான் எனக்குச் சொல்லிச்சு. நீ எத்தினை தரம் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனாய்? இந்தப் படலையத் தாண்டித்தானே போனாய். எனக்கு ஒரு சொல்லுச் சொன்னியா மகன்?"

நான் வீட்டுக்குப் போய்ப் பழைய டயறியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினொரு தரம். பதினொரு தரமும் அந்தப் படலையைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு நாளாவது நின்று "அம்மா, இப்படி ஒரு விஷயம்" என்று சொல்லவில்லை. அவருக்குப் பத்து அடி நிலம் பெரிதாக இருக்கவில்லை. கூடப் பிறந்தவன், தாய் கையால் பிரித்துக் கொடுத்த வளவைத் தன்னிடம் கேட்காமல் அந்நியருக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவனும் அதற்குப் பிறகு வரவில்லை, இவரும் போகவில்லை. மதில் அந்தக் கோபத்தில் எழும்பியது. ரீச்சர் அதில் இடையில் மாட்டியவர், அவ்வளவுதான்.

பழைய உறுதிகளை வாசித்தவர்களுக்குத் தெரியும், எல்லைகள் அநேகமாக ஆட்களின் பெயரில்தான் இருக்கும். வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே இன்னாரின் பெண்சாதியின் காணி, தெற்கே ஒழுங்கை. எத்தனையோ உறுதிகளில் இதைக் கண்ணால் கடந்து போயிருக்கிறேன். அந்த விறாந்தைப் படியில் இருந்தபோதுதான் அது உறைத்தது. நாலு பக்கமும் மனிதர் இருக்கிற ஒரு இடத்துக்கு நடுவில்தான் நான் இன்னொரு குடும்பத்தைக் கொண்டுபோய் விடுகிறேன். விலையும் பேர்ச்சும் அதற்குப் பிறகுதான்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் எடுத்தது. ரீச்சரையும் கணவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவிடம் கூட்டிப் போனேன். ரீச்சர் பக்கத்து வீட்டுக்காரியாக முதல் தரம் அந்த வீட்டுக்குள் போனது அன்றுதான் என்பதைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. 2013இல் நான் செய்து வைத்திருக்க வேண்டிய அறிமுகம். மருமகன் இறங்கி வர நாள் எடுத்தது, அவருக்கும் மதில் கட்டிய செலவு இருக்கிறதுதானே. அவர்களுக்குள் கதைத்து மதிலை ஆறு அடி உள்ளே தள்ளிக் கட்டுவதென்றும், அந்தச் செலவை ரீச்சர் கொடுப்பதென்றும், பத்து அடிக்கு வழி உரிமை எழுதுவதென்றும் முடிவாகியது. நிலம் முன் வீட்டுக்காரருடையதாகவே இருக்கும், நடக்கும் உரிமை மட்டும் பின் வீட்டுக்கு. சர்வேயரைக் கூப்பிட்டுப் புதுப் பிளான் கீறி, நொத்தாரிசுக்கு முன்னால் எழுதி, காணிப் பதிவகத்தில் இரண்டு காணிகளின் பதிவிலும் ஏற்றினோம். நான் வாங்கிய 54,000இல் சர்வேயருக்கும் நொத்தாரிசுக்கும் கொடுத்தேன், மிச்சத்தை ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்தார். மதில் மேசனுக்குக் கொடுங்கோ என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் வங்கிக் கடன் கிடைத்தது, 2021 முடிவதற்குள் கூரை போட்டுக் குடிபோய்விட்டார்கள். 2022இல் சீமெந்து விலையும் வட்டியும் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னும் ஒரு வருடம் பிந்தியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

நாலு எல்லை

இப்போது ஒரு காணி என் கைக்கு வந்தால் படம் எடுப்பதற்கு முன் நாலு எல்லைக்கும் போவேன். வீடு வீடாகப் போய், இந்தக் காணி விலைக்கு வந்திருக்கிறது, உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்பேன். பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைத் தேடினாலும் வராத விஷயம் அந்த நாலு வீட்டிலும் வரும். கிணறு பொதுக் கிணறா, மார்கழி மழைக்கு எங்கே தண்ணீர் நிற்கும், எந்த மகன் எந்த நாட்டில் இருக்கிறான், யாருக்குச் சொல்லாமல் விற்கிறார்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் ஆவணி புரட்டாதியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்காமல் நான் காணி காட்டுவதில்லை. மாரியில் நல்ல தண்ணீராக இருப்பது கோடையில் உவர்த்துவிடும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். ஹோட்டல் கனவோடு வருகிறவரிடம் அதை முதல் நாளே சொல்லிவிடுவேன். சிலர் அன்றோடு வேறு புரோக்கரிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

"என்ர கைக்கு இவ்வளவு தா, மேல வாறது உன்ர" என்று சொல்லும் முறைக்கும் நான் இப்போது போவதில்லை. அதில்தான் கூடக் காசு வரும், எனக்கும் தெரியும். ஆனால் விற்பவருக்கு ஒரு விலையும் வாங்குபவருக்கு ஒரு விலையும் சொல்லிக்கொண்டு இரண்டு பேரின் முகத்தையும் பிறகு எப்படிப் பார்ப்பது? அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை அட்டோனி (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கைமாற்றலாம் என்று வருகிறவர்களையும் திருப்பி அனுப்பிவிடுவேன். பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அதில் கைமாற்றம் செல்லாது. வாங்கியவர் வீடு கட்டிய பிறகு நடுத்தெருவில் நிற்பார்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. இங்கே எத்தனையோ குடும்பங்கள் ஒரு தரம் இல்லை, பல தரம் ஓடியவர்கள். உறுதி தொலைந்தவர்கள், ஓடிய இடத்தில் அவசரத்துக்கு அரை விலைக்கு எழுதிக் கொடுத்தவர்கள், திரும்பி வந்து பார்த்தால் வேறொருவர் இருப்பதைக் கண்டவர்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில், அதாவது ஒரு காணியில் நீண்டகாலம் இருந்ததால் உரிமை கேட்கிற கணக்கில், சேர்க்காமல் விட 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். காணி என்று ஒரு வார்த்தை சொன்னால் இங்கே ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு பழைய காயம் திறக்கும். அதற்கு மேலால் நடந்து போய்த் தொழில் செய்ய முடியாது. வெளிநாட்டில் ஐந்து பிள்ளைகள் இருக்கிற ஒரு வீட்டுக் காணியை எட்டு மாதம் வைத்திருந்தேன், ஐந்தாவது மகளுக்கு யாரும் சொல்லவில்லை என்று தெரிந்ததால். வாங்க வந்தவர் பொறுக்காமல் போய்விட்டார். அந்த மகள் பிறகு இரவு இரண்டு மணித்தியாலம் போனில் கதைத்தார், பெரும்பாலும் அந்த வீட்டு மாமரத்தைப் பற்றி. அப்புறம் அவரே கையெழுத்துப் போட்டார்.

வருமானம் சீராக வரும் தொழில் இது இல்லை. 2020இலும் 2022இலும் மாதக்கணக்காக ஒரு உறுதியும் எழுதவில்லை, வாடகை வீடு பிடித்துக் கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் இப்போது எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் சொல்லி அனுப்பியது. அதில் ரீச்சர் அனுப்பியவர்களே ஆறு குடும்பம்.

போன கிழமை அந்த முன் வீட்டு அம்மா போன் எடுத்தார். சாம்பல்தீவில் அவருக்கு ஒரு துண்டு இருக்கிறது, பேத்தியின் படிப்புக்கு விற்க வேண்டுமாம். விலை, அளவு எல்லாம் சொல்லிவிட்டு, வைக்கப் போகும் நேரம் கொஞ்சம் நிறுத்தினார். "ஒருத்தருக்கும் காட்டிறதுக்கு முதல் என்ர தம்பிக்கு ஒருக்காப் போய்ச் சொல்லிப்போட்டு வா மகன். அதுவும் அம்மாட காணிதானே." அவர்கள் கதைத்துப் பன்னிரண்டு வருடம். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போகிறேன். தொழில் பழக வந்த அந்தத் தம்பியையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன்.